பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லாத கதைகள்

அலுவலகத்தையோ தொழிற்சாலையையோ களமாகக் கொண்ட விசித்திரமான கதை ஒன்றைப் படித்த இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: அந்தப் பூச்சி எதைக் குறிக்கிறது, அந்தக் கறுப்புப் பறவை எதைக் குறிக்கிறது? பதிலும் விரைவில் வந்துவிடுகிறது. அந்நியமாதல் என்பார் ஒருவர். இயந்திர நாகரிகம் என்பார் இன்னொருவர். பதில் கிடைத்ததும் புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது. இந்த வாசிப்பு முறையை என்னால் ஏற்க முடிவதில்லை. வேலை செய்பவருக்குத் தம் வேலையைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவை மட்டும் சொல்லி, அதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டாமல் நிறுத்திக்கொள்ளும் நேர்மையைத்தான் இக்கதைகளின் தெளிவின்மையில் நான் காண்கிறேன். அதை அவிழ்த்து முடித்துவிட வேண்டிய முடிச்சாகக் கருதும்போது, கதை மிகுந்த சிரமப்பட்டு நமக்குத் தந்ததையே நாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். பாரிமுனையை ஒட்டிய தெரு ஒன்றில், துறைமுகத்துக்கு வந்துபோகும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் கிளியரிங் அலுவலகத்தில், ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த வேலையின் இயல்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கதைகளை நான் படிக்கும் விதம் அங்கிருந்தே வருகிறது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட எண் உண்டு. அவற்றுள் கடைசி இலக்கம், மற்றவை பிழையின்றி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்காகவே சேர்க்கப்பட்டது. உள்ளே உள்ள பொருளுக்குச் சுங்கத் தீர்வை அட்டவணையில் எட்டு இலக்கக் குறியீடு உண்டு. எடை உண்டு, சீல் எண் உண்டு, கப்பலின் பெயரும் பயண எண்ணும் உண்டு. இவ்வளவு துல்லியத்துக்கு நடுவில், கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங்கில், பெட்டிக்குள் இன்ன சரக்கு இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்ற அளவிலேயே அச்சாகியிருக்கும். ஏற்றுமதியாளர் தாமே அடைத்துச் சீல் வைத்த பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காத கப்பல் நிறுவனம், அதற்குமேல் பொறுப்பேற்காது. நானும் திறந்து பார்ப்பதில்லை. தோலும் துணியும் இயந்திர உதிரிபாகங்களும் என் மேசையைத் தாள்களாகவே கடந்துபோகின்றன. மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது, எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்தின் நுழைவாயிலான ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கிறேன். அவற்றுள் எந்தப் பெட்டிக்கு அன்று காலை நான் தாள் எழுதினேன் என்று எனக்குத் தெரியாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை ஒழுங்காக நடக்கிறது. நான் அதை அக்கறையோடு செய்கிறேன். ஆனால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்திருப்பதும், முக்கியமான ஒன்று தெரியாமலே இருப்பதும் ஒரே தாளில், ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கும் இந்த அனுபவத்தை நான் படித்த நாவல்களில் வெகுகாலம் தேடியிருக்கிறேன். பிரான்ஸ் காஃப்காவைப் படித்தபோதுதான் அது எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்.

1915இல் வெளியான 'உருமாற்றம்' கதையில், துணி விற்பனைக்காக ஊர் ஊராகப் பயணம் செய்யும் கிரிகோர் சாம்சா ஒரு காலையில் பெரிய பூச்சியாகக் கண்விழிக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த பக்கங்களைப் பலரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நான்கு மணிக்கு வைத்த அலாரம் ஏன் எழுப்பவில்லை என்று அவன் யோசிக்கிறான். ஐந்து மணி ரயில் போய்விட்டது, மணி ஆறரை, அடுத்த ரயில் ஏழு மணிக்கு. உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்றால், ஐந்து ஆண்டு வேலையில் ஒருமுறைகூட நோய் என்று விடுப்பு எடுத்ததில்லை. முதலாளி காப்பீட்டு மருத்துவரை அழைத்து வருவார், அந்த மருத்துவரின் பார்வையிலோ உலகத்தில் நோயாளிகளே கிடையாது, உழைக்க மனமில்லாத ஆரோக்கியசாலிகள்தாம் உண்டு. ஏழு மணி அடித்துச் சில நிமிடங்களில் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். ஒரு மனிதன் ஏன் பூச்சியானான் என்பதற்கு இக்கதையில் ஒரு வரி விளக்கமும் இல்லை. ரயில் நேரத்துக்கு மட்டும் குறையே இல்லை. உடம்பு மாறிப்போன ஒருவனின் மனம் முதலில் தொடுவது வருகைப் பதிவைத்தான் என்பதை இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருப்பதால், பூச்சியைவிட அந்த ரயில் நேரமே என்னை அதிகம் கலங்கச் செய்கிறது. கும்மிடிப்பூண்டி தடத்தில் நாள்தோறும் நின்றுகொண்டு பயணம் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொருக்குப்பேட்டைக்கு முன்னால் வண்டி காரணம் சொல்லாமல் நிற்கும்போது, பெட்டியில் உள்ள அத்தனை பேரின் கண்களும் கைபேசித் திரையின் மேல்மூலையில் உள்ள நேரத்துக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மன் மொழியிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்க, க்ரியா வெளியிட்ட 'விசாரணை' தமிழில் இருப்பது நமக்குப் பெரும் பேறு. அந்நாவலின் நாயகன் யோசப் க. வங்கியில் உயர்ந்த பதவியில் இருப்பவன். அவன் கைது செய்யப்படுகிறான், ஆனால் வழக்கம்போல் வங்கிக்குப் போய் வேலை செய்ய அவனுக்குத் தடையில்லை. நாவலில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஒரு சிறிய அத்தியாயம். ஒரு மாலை, வங்கியில் தன் அறையை விட்டுக் கிளம்பும் க., சாமான் போட்டுவைக்கும் அறை ஒன்றிலிருந்து முனகல் கேட்டுக் கதவைத் திறக்கிறான். பயனற்ற பழைய அச்சுத் தாள்களும் காலி மைக்கூடுகளும் கிடக்கும் அந்த அறையில், அவனைக் கைது செய்ய வந்த காவலர்கள் இருவரையும் ஒருவன் பிரம்பால் அடிக்கப்போகிறான். அவர்கள்மீது விசாரணையின்போது க. புகார் சொல்லியிருந்தான் என்பதே காரணம். அடி விழுந்து அலறல் எழுந்ததும், சத்தம் கேட்டு வந்த வங்கிப் பணியாளர்களிடம் முற்றத்தில் நாய் ஊளையிடுகிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். மறுநாள் மாலை மீண்டும் கதவைத் திறக்கிறான். எல்லாம் முந்தைய நாள் பார்த்தபடியே, அதே இடத்தில், அதே ஆட்களோடு இருக்கிறது. உடனே கதவைச் சாத்திவிட்டுப் பணியாளர்களிடம் போய், அந்த அறையைச் சுத்தம் செய்யக் கூடாதா என்று சத்தம் போடுகிறான். நாளைக்குச் செய்கிறோம் என்கிறார்கள் அவர்கள்.

மணலியில் ஆலைப் பராமரிப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இந்த நாவலை என்னிடமிருந்து வாங்கிப் படித்தார். அவருக்கு இலக்கியப் பழக்கம் அதிகம் இல்லை, ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராக வேலைக்குப் போனவர். முழு நாவலையும் படித்தாரா என்று நான் கேட்கவில்லை. இந்த அத்தியாயத்தைப் பற்றி மட்டும் அவராகவே பேசினார். "அடிக்கிறது பெரிசில்லண்ணே. ரூமைச் சுத்தம் பண்ணச் சொல்றான் பாருங்க, அங்கதான் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. எங்க பிளான்ட்ல ஒருத்தருக்கு அடிபட்டா மொதல்ல தரையத்தான் கழுவச் சொல்லுவாங்க," என்றார். இதைவிடக் கூர்மையான வாசிப்பை நான் கட்டுரைகளில் கண்டதில்லை. அந்த அறை எதைக் குறிக்கிறது என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. அந்த அறை அவருக்குத் தெரிந்த அறை. தெரியாதது அங்கே ஏன் அது நடந்தது என்பதே, அது க.வுக்கும் தெரியாது.

காஃப்காவின் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1908 முதல் 1922இல் ஓய்வு பெறும்வரை, பிராக் நகரில் இருந்த தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். தொழிற்சாலைகளை அபாயத்தின் அளவுக்கேற்ப வகைப்படுத்துவதும், அந்த வகைப்பாட்டை எதிர்த்து முதலாளிகள் அனுப்பும் முறையீடுகளுக்குப் பதில் எழுதுவதும் அவர் பொறுப்புகளுள் சேர்ந்தவை. மரம் இழைக்கும் இயந்திரங்களில் நேரும் விபத்துகளைத் தடுப்பது பற்றி அவர் எழுதிய அறிக்கை ஒன்று இன்றும் கிடைக்கிறது. சதுர வடிவத் தண்டில் கத்தி பொருத்தப்பட்டிருந்தால், தண்டுக்கும் மேசைக்கும் இடையே அகலமான இடைவெளி உண்டாகி விரல்கள் உள்ளே போய்விடும். உருளை வடிவத் தண்டைப் பயன்படுத்தினால் அந்த இடைவெளி குறையும். விரல் பட்டாலும் சிறு கீறலோடு போய்விடும், வேலையை நிறுத்தவேண்டிய தேவைகூட இராது என்று படங்களோடு விளக்குகிறார். தொழிலாளியின் விரலைக் காப்பாற்ற எழுதப்பட்ட அறிக்கை அது. ஆனாலும் முதலாளி கேட்கக்கூடிய மொழியில், வேலை நிற்காது என்ற உறுதியோடுதான் எழுத வேண்டியிருந்தது. பகல் இரண்டு மணியோடு அலுவலகம் முடிந்தபின், இரவில் அமர்ந்து கதை எழுதியவரும் அவரே. அறிக்கையில் இடைவெளியின் அளவும் காரணமும் தீர்வும் இருக்கின்றன. கதைகளில் அளவு மட்டும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதை மறந்துவிட்டு, காஃப்காவைக் கனவு காண்பவர் என்று மட்டும் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அண்மைக் காலத்தில் என்னை வெகுவாகப் பாதித்த நூல், ஜப்பானின் ஹிரோஷிமாவைச் சேர்ந்த ஹிரோகோ ஓயாமாதா எழுதிய 'தொழிற்சாலை'. 2010இல் இதழில் வெளியாகிப் புதிய எழுத்தாளருக்கான பரிசு பெற்றது. 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு மாபெரும் தொழிற்சாலை. அதற்குள் பேருந்து ஓடுகிறது, உணவகங்கள் இருக்கின்றன, ஆறும் பாலமும் இருக்கின்றன. மூன்று பேர் அங்கே வேலைக்குச் சேர்கிறார்கள். நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு ஒப்பந்த வேலை கிடைக்கிறது. நாள் முழுவதும் தாள்களை இயந்திரத்தில் இட்டுத் துண்டு துண்டாக்க வேண்டும். அவளுடைய அண்ணன், கணினி வேலையை இழந்து, சிவப்புப் பேனாவால் மெய்ப்புத் திருத்துபவனாக அங்கே வருகிறான். தாள்கள் யாரால் எழுதப்பட்டவை, திருத்தியபின் எங்கே போகின்றன என்று அவனுக்குச் சொல்லப்படுவதில்லை. மூன்றாமவர் பாசி ஆய்வாளர். கட்டடங்களின் கூரைகளில் பாசி வளர்த்துப் பசுமையாக்கும் பொறுப்பு அவருக்குத் தனியாளாக ஒப்படைக்கப்படுகிறது. இது ஒருவரால் ஆகக்கூடியதா என்று அவர் தயங்கினால், அவசரமே இல்லை என்று பதில் வருகிறது.

அந்தத் தொழிற்சாலை என்ன பொருளைத் தயாரிக்கிறது என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. பலருக்கு இது எரிச்சலூட்டியிருக்கிறது. எனக்கு அது முற்றிலும் இயல்பாக இருந்தது. மூவரில் ஒருவருடைய வேலையைச் செய்யவும் அந்தத் தகவல் தேவைப்படவில்லை. பத்தி பிரிக்காத நீண்ட பக்கங்களில், பேசுபவர் மாறியது தெரியாமலே நாம் வேறொருவர் மனத்துக்குள் போய்விடுகிறோம். இடையில் ஆண்டுகள் கழிந்திருப்பதைப் பேச்சுவாக்கில் வந்து விழும் ஒரு சொல்லால் அறிகிறோம். இப்போதுதானே சேர்ந்தார் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பாசி ஆய்வாளருக்கு எவ்வளவு காலம் போய்விட்டது என்று புரியும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். தொழிற்சாலைக்குள் மட்டுமே வாழும் உயிரினங்களும் நாவலில் உண்டு: சலவை இயந்திரங்களில் குடியிருக்கும் பல்லிகள், ஆற்றோரம் கூட்டமாகத் தொழிற்சாலையை நோக்கியபடியே நிற்கும் கறுப்புப் பறவைகள். இறுதியில் தாள் கிழிக்கும் பெண் அத்தகைய பறவையாகிவிடுகிறாள், அல்லது ஆகிவிட்டதாகச் சொல்கிறாள். எண்ணூர் முகத்துவாரத்தில், அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த நீரில் நட்ட கம்புகளின்மேல் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்வதைச் சிறுவயது முதலே பார்த்தவன் நான். அந்தப் பறவைகள் எதையும் குறிப்பதாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அவை அங்கே வாழ்கின்றன. மீன் குறைந்துபோன அந்த நீரை விட்டு ஏன் போகவில்லை என்ற கேள்வி மட்டும் மனத்தில் தங்கியிருக்கிறது. ஓயாமாதாவின் பறவைகளையும் அப்படியேதான் பார்க்கிறேன்.

இந்த வகை எழுத்து வெளியிலிருந்து நமக்கு வந்தது என்று சொல்பவர்கள் புதுமைப்பித்தனை மறந்துவிடுகிறார்கள். 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை எங்கள் அலுவலகத்துக்கு மிக அருகில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில்தான் தொடங்குகிறது. டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், வெற்றிலை போடுவதா காப்பி குடிப்பதா என்று கந்தசாமிப் பிள்ளை போடும் காலணாக் கணக்குக்கு நடுவில் கடவுள் வந்து வழி கேட்கிறார். கடவுள் வந்ததற்குக் கதையில் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை; சில்லறைக் கணக்கு தொடர்கிறது. பூலோகத்தில் பிழைப்பதற்கு ஒரு தொழில் வேண்டுமே என்று, கடவுளும் தேவியும் ஒரு பெரிய மனிதர் முன்னால் கூத்தாடிக் காட்டுகிறார்கள். புலித்தோலும் பாம்பும் மெய்யாகவே இருக்கின்றன, அதுவே குற்றமாகிவிடுகிறது. கலை என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டு அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

அசோகமித்திரனின் 'புலிக் கலைஞன்' கதையை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை செய்தவர். அலுவலகத்தின் மதிய இடைவேளை, வேலையில்லாத மாதங்களின் சோம்பல், யாரும் வந்து பார்த்துவிடுவார்களோ என்ற எச்சரிக்கை எல்லாம் அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். அப்படியொரு பட நிறுவன அறைக்குக் காதர் என்ற ஏழை வேலை கேட்டு வருகிறார். புலி வேஷம் கட்டிச் சண்டை போட வரும் என்கிறார். இருப்பவர்கள் பாதிக் காதில் கேட்கிறார்கள். முகமூடியை மாட்டிய கணத்தில் அந்த அறையில் ஒரு புலி இருக்கிறது, மேசைகள்மேல் தாவுகிறது, எழுத்தர்கள் மூச்சடங்கிப் போகிறார்கள். பிறகு முகமூடியைக் கழற்றினால், முன்போலவே கும்பிட்டு நிற்கும் மனிதர். ஏதாவது வாய்ப்பு வந்தால் எழுதுகிறோம் என்று சொல்லி அனுப்புகிறார்கள், எழுதவும் செய்கிறார்கள், கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அவர் எங்கே போனார் என்று கதை சொல்லவில்லை. இரண்டு கதைகளிலும், மனித அளவுக்கு மீறிய ஒன்று வேலை கேட்டு வந்து, மதிப்பெண் போடும் இடத்தில் அமர்ந்திருப்பவர் முன்னால் நிற்கிறது. அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவரும் கெட்டவர் அல்லர் என்பதை அசோகமித்திரன் எழுதியிருக்கும் விதத்துக்காக அவர்மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வடசென்னையில் பிறந்து வளர்ந்த ஒருவர், உழைப்பைப் பற்றி இப்படிப் பூடகமான கதைகளையா கொண்டாட வேண்டும், நேராகச் சொல்லும் கதைகள் போதாவா என்று என் தலைமுறைக்கு முந்தையவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது, பி.பி. வாடியாவுக்கும் திரு.வி.க.வுக்கும் செல்வபதி செட்டியாருக்கும் எதிரில் இருந்த ஆலை கண்ணுக்குத் தெரிந்த ஆலை. சங்கு ஊதும், கதவு திறக்கும், முதலாளி யார் என்பதில் குழப்பமில்லை. தொ.மு.சி. ரகுநாதன் 1953இல் 'பஞ்சும் பசியும்' எழுதியபோது, நெசவாளி வீட்டுப் பசிக்கும் நூல் விலைக்கும் இடையிலுள்ள தொடர்பை நேராகக் காட்ட முடிந்தது; அந்த நாவலுக்கு அதுவே வலிமை.

இன்று மணலியிலும் எண்ணூரிலும் வேலைக்குப் போகும் பலருக்கு, யாரிடம் வேலை செய்கிறோம் என்ற கேள்விக்கே ஒற்றைப் பதில் கிடையாது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே முதன்மை வேலையளிப்பவர் என்றும் ஒப்பந்ததாரர் என்றும் இருவரைத் தனித்தனியே வரையறுத்தது. நடைமுறையில் ஒப்பந்ததாரருக்குக் கீழே உள் ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஆள் கொண்டுவரும் மேஸ்திரி என்று அடுக்கு நீள்கிறது. என் நண்பரின் சட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர், கேட் பாஸில் இன்னொன்று, வங்கிக் கணக்கில் சம்பளம் போடுவது மூன்றாவது. அவர் எந்த ஆலைக்குள் நடந்துபோகிறாரோ அந்த ஆலையின் வருகைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இவருடைய ஒரு நாளை நேராகச் சொல்லும் கதை எழுத வேண்டுமானால், அதில் காஃப்காவின் நிழல் தானாகவே விழுந்துவிடும். விசித்திரமாக எழுத வேண்டும் என்று எவரும் ஆசைப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எல்லையை வலியுறுத்த விரும்புகிறேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். கண் எரிந்தது, மூச்சு முட்டியது. என்ன வாயு, எங்கிருந்து வருகிறது என்று ஓடியவர்களுக்குத் தெரியாது. அந்த இரவின் தெளிவின்மையை எவரும் அழகு என்று சொல்லிவிடக் கூடாது. அங்கே தேவைப்பட்டது குழாய் எது, கசிவு எங்கே, பொறுப்பு யாருடையது என்ற பதில்கள். அதாவது காஃப்கா பகலில் எழுதிய வகை எழுத்து. பொறுப்பு உள்ளவர்கள் தங்களைச் சுற்றிப் பரப்பும் மூட்டத்துக்கும், கதை காட்டும் தெளிவின்மைக்கும் வேறுபாடு இருக்கிறது. முன்னது விவரங்களை மழுங்கடிக்கிறது: தேதி இருக்காது, அளவு இருக்காது, செய்தவர் இல்லாமலே செயல் நடந்திருக்கும். கதையோ விவரங்களைக் கூர்மையாக்கிக்கொண்டே போகிறது. மணி ஆறரை என்கிறது, மைக்கூடு காலி என்கிறது. அந்தக் கூர்மையின் நடுவில் காரணம் மட்டும் இல்லாததை நாமே கண்டு திடுக்கிடும்படி விட்டுவிடுகிறது. இந்தத் திடுக்கிடல் பழகிவிட்ட வாசகர், மறுநாள் அலுவலகத்துக்கு வரும் சுற்றறிக்கையில் செய்தவர் இல்லாத வாக்கியத்தைக் கண்டால் அங்கே நின்றுவிடுவார் என்று நம்புகிறேன். எனக்கு அப்படி நேர்ந்திருக்கிறது.

இந்த அளவுகோலால் பார்த்தால், இவ்வகையில் எழுதப்படும் எல்லாவற்றையும் என்னால் பாராட்ட முடியவில்லை. பெயரற்ற நகரம், பெயரற்ற கட்டடம், முடிவற்ற தாழ்வாரம், முகமற்ற அதிகாரி என்று அடுக்கிக்கொண்டு போகும் கதைகள் நிறைய வருகின்றன. அந்தத் தாழ்வாரத்தில் என்ன வாசனை அடிக்கிறது, அதிகாரி மதியம் என்ன சாப்பிடுகிறார், சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று அவற்றை எழுதியவருக்கே தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை. வேலை என்னவென்று சொல்லாத கதைக்கும், வேலையைச் செய்தே பார்த்திராத கதைக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. ஓயாமாதா தற்காலிக ஊழியராக வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதியவர். தாள் கிழிக்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்பவளின் தோளும் தூசியும் அவர் எழுத்தில் இருக்கின்றன.

படிக்கும் முறையைப் பற்றியும் ஓரிரு சொற்கள். இவற்றைப் படித்து முடித்ததும் விளக்கக் கட்டுரைகளைத் தேடிப் போவதை நான் தள்ளிப்போடுகிறேன். முதலில் கதையில் உள்ள வேலையை மட்டும் கவனிக்கிறேன். யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள், எந்தப் பொருள் எந்தக் கைக்குப் போகிறது, எதை ஒருவர் கேட்கத் துணிவதில்லை? ஹெர்மன் மெல்வில் 1853இல் எழுதிய 'பார்ட்டில்பி' கதையில், நகலெடுக்கும் எழுத்தர் ஒருவர் ஒருநாள், இதைச் செய்யாதிருக்கவே விரும்புகிறேன் என்று பணிவோடு சொல்லி நிறுத்திவிடுகிறார். அவர் யார், ஏன் மறுக்கிறார் என்று எல்லோரும் தேடுகிறார்கள். நான் அவருடைய முதலாளியான வழக்கறிஞரைக் கவனித்தேன்: எழுத்தரை வெளியேற்ற முடியாமல், அலுவலகத்தையே வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறார். கதையின் முடிவில், உரியவரைச் சேராத கடிதங்களைக் கையாளும் பிரிவில் பார்ட்டில்பி முன்பு வேலை செய்தவர் என்று ஒரு வதந்தி மட்டும் வருகிறது. காதருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்ததை அப்போது நினைத்துக்கொண்டேன். நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில், வெவ்வேறு கடற்கரை நகரங்களில் இருந்த இரண்டு அலுவலகங்கள், ஒரு மனிதரைத் தேடித் தோற்றதைத் திரும்பி வந்த தாள் ஒன்றின் மூலமாகவே சொல்லியிருக்கின்றன.

ஜீரோ கேட் வரிசையைப் பற்றித் தமிழில் இப்படியொரு கதை எழுதப்பட வேண்டும் என்று பல காலமாக விரும்புகிறேன். டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர், எண்ணூர் விரைவுச் சாலையில், ஸ்டியரிங்கில் தலை சாய்த்து இரவைக் கழிப்பவர். கிளீனர் பையன் டீ வாங்கப் போயிருக்கிறான். எடைச் சீட்டும் ஃபார்ம் தாள்களும் பிளாஸ்டிக் உறையில் டாஷ்போர்டின்மேல் இருக்கின்றன. வரிசை நகர்கிறது, நிற்கிறது. அந்தக் கதையில் சீல் எண் சரியாக இருக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து காற்று திரும்பும்போது வரும் மீன் வாசனை சரியான நேரத்தில் வர வேண்டும். படிக்காசு எவ்வளவு, அதில் எவ்வளவு வழியிலேயே செலவாகிறது என்ற கணக்கு பைசா பிசகாமல் இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்து ஏதோ தட்டும் சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம், எழுதுபவர் விருப்பம். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் அவர் எனக்குச் சொல்லாமல் இருந்தால், தாள் எழுதியவன் என்ற முறையில் அதை நான் முழுமையாக நம்புவேன்.